சின்ன வாசலின் சாவி

என் கூறைப் புடவையை என்னைவிட அதிகமுறை கட்டியவர் என் கணவர்தான். சொன்னால் சிரிப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் நானும் சிரித்தேன்.

அவர் இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கிற பெண்களின் பின்னால் நின்று சத்தம் போடுகிற வேலை. அப்படிப்பட்டவர் வருஷத்துக்கு ஒரு நாள், மாரியம்மன் திருவிழாவுக்கு, மீசையை வழித்து, முகத்தில் ரோஸ் பவுடர் பூசி, மேடையில் பெண்ணாக நிற்பார். எங்கள் தோட்டத்தில் பெண்கள் நாடகம் ஆடக் கூடாது. பார்க்கலாம், அழலாம். ஆடுவதெல்லாம் ஆண்கள். ஸ்திரீபார்ட் என்றால் பதினாறு வயசிலிருந்து அவர்தான். அக்கரப்பத்தனை வரைக்கும் அவருக்குப் பேர் இருந்தது. நடை, வெட்கம், முந்தானையால் கண்ணைத் துடைக்கிற விதம் எல்லாம் அப்படியே பெண்தான் என்பார்கள். எந்தப் பெண் என்று நான் கேட்டதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயசில் கல்யாணம். என் அப்பா வட்டவளைப் பக்கத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண் பிள்ளைகள் பத்து வயசில் கூடையை முதுகில் போட்ட காலத்தில், என்னை ஹட்டனில் ஒரு கன்னியாஸ்திரீகள் மடத்துப் பள்ளியில் சேர்த்து, அங்கேயே தங்கிப் படிக்க வைத்தார். படிப்பு முடிகிற வருஷம் அவர் இறந்துபோனார். ஆறு மாசத்துக்குள் மாமா ஒருவர் மாப்பிள்ளை கொண்டுவந்தார். இங்கிலீஷ் படித்த பெண் கணக்கப்பிள்ளைக்குப் பெருமை என்று பேசி முடித்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் யாரையும் குறை சொல்லவில்லை. அப்போதெல்லாம் அது குறையாகவே தெரியாது.

மடத்துப் பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு புத்தகம். அட்டை போய்விட்டது, பேரும் போய்விட்டது. அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்தில் சொல்லப்பட்ட கதைகள், பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதியவை. எல்லாக் கதையிலும் ஒரு கோட்டை, ஒரு பிரபு, ஒரு கல்யாணம் இருக்கும். தகப்பன் செத்துப்போன பெண்ணை ராஜா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சண்டையில் நன்றாக வெட்டினவனுக்குக் கொடுத்துவிடுவார். பெண்ணோடு நிலமும் போகும். நிலத்தோடு பெண்ணும் போனாள் என்று சொன்னாலும் சரிதான். கல்யாணத்துக்கு முன்னால் வீரன் அவள் காலடியில் முழங்கால் போட்டு, உன் சொல்லே எனக்குச் சட்டம் என்பான். கல்யாணம் முடிந்து இரண்டு பக்கம் தள்ளினால் அவள் முழங்கால் போட்டிருப்பாள். எந்தப் பக்கத்தில் இடம் மாறினார்கள் என்று எத்தனை தடவை தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு அதைப் பாடமாக நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார மதர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும், அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். ரொம்பச் சிரிக்க மாட்டார். ஒரு நாள் வகுப்பில், "இந்தக் கதைகளில் பெண்கள் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் கல்யாணமே பண்ணாத சந்நியாசிகள். இதை மறக்க வேண்டாம்" என்றார். பரீட்சைக்கு வரும் என்று நினைத்து நான் அதைக் கோடு போட்டு எழுதிவைத்தேன். பரீட்சைக்கு வரவில்லை.

புத்தகத்தின் கடைசிக் கதைதான் எனக்குப் பிடித்தது. ஒரு பிரபு சண்டைக்குப் போகிறான். போகும்போது கோட்டைச் சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். நாலு வருஷம் அவள்தான் எல்லாம். தானியக் களஞ்சியம், குதிரை லாயம், வழக்கு, தண்டனை எதுவும் அவளைக் கேட்காமல் நடக்காது. ஒரு தடவை எதிரி வந்து மதிலைச் சுற்றி நின்றபோதும் வாசலைத் திறக்காமல் காப்பாற்றினாள். பிரபு திரும்பி வந்தான். விருந்து நடக்கிறது, ஊரே உட்கார்ந்திருக்கிறது. அவன் கையை நீட்டிச் சாவிக்கொத்தைக் கேட்கிறான். அவள் எடுத்துக் கொடுக்கப் போகிறவள், நின்று, "இதில் ஒரே ஒரு சாவி எனக்கு இருக்கட்டும்" என்கிறாள். "ஆற்றுப் பக்கம் இருக்கிற சின்ன வாசலின் சாவி. யாரையும் கேட்காமல் ஒரு தடவை வெளியே போய்விட்டு, யாரும் கூப்பிடாமல் நானே திரும்பி வர வேண்டும்." சபையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். பிரபு சிரிக்கவில்லை. அவன் அந்தக் கொத்தைப் பார்த்தான் என்பதோடு பக்கம் முடிகிறது.

அதற்கடுத்த தாள் இல்லை. கிழிந்து போகவில்லை. தையலை ஒட்டி, பிளேடு வைத்து வெட்டின மாதிரி நேராகப் போயிருந்தது. மதரிடம் கேட்டேன். "முடிவு உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி எழுதிக்கொண்டு வா" என்று அதையே வீட்டுப் பாடமாக்கிவிட்டார். பிரபு சாவியைக் கொடுத்தான், அவள் ஆற்றோரம் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று எழுதினேன். மதர் சிவப்பு மையில் நன்று என்று போட்டார். பள்ளியை விட்டுப் போகும்போது அந்தப் புத்தகத்தையே எனக்குக் கொடுத்துவிட்டார்.

கணக்கப்பிள்ளை வீடு மலையின் நடுவில் இருந்தது. மேலே போனால் துரை பங்களா, கண்டாக்கு வீடு, கிளாக்கர் வீடு. கீழே போனால் லயங்கள். மேலே உள்ளவர்கள் வீட்டுக்கு நான் போக முடியாது, அவர்கள் பெரிய உத்தியோகம். கீழே லயத்துக்கும் நான் போகக் கூடாது, கணக்கப்பிள்ளை பெண்சாதி லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து பேசினால் மறுநாள் மலையில் யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆக, நான் போகக்கூடிய இடம் கோயிலும் தண்ணீர் பிடிக்கிற பீலியும்தான். வீட்டைச் சுற்றி நாலா பக்கமும் தேயிலை. வாசலில் நின்றால் கீழே பஸ் போகிற ரோட்டின் ஒரு வளைவு மட்டும் தெரியும். அந்த வளைவில் பஸ் வரும், மறையும். மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு முட்டும் என்பார்களே, எனக்கு நிஜமாகவே முட்டும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஹட்டனுக்குப் போனால் முஸ்லிம் கடையில் எனக்குப் பிடித்த பேரீச்சம்பழம் வாங்காமல் வர மாட்டார். எனக்கு என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுதான் பெரிய தொல்லை. அடிக்கிற புருஷனாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம்.

மூன்றாம் வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வந்து அவரிடம் கேட்டார். ஒரே அறை, ஒரே மாஸ்டர், அரிச்சுவடிப் பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை, காலையில் மட்டும் வீட்டு அம்மாவை அனுப்ப முடியுமா என்று. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்ததால் அவர் சம்மதித்தார். முப்பது பிள்ளைகள். சளி ஒழுகுகிற மூக்கும் கம்பளித் துண்டுமாக வந்து உட்காரும். அ எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதும். அந்த ஒரு வருஷம் எனக்கு மருந்தே தேவைப்படவில்லை.

அப்புறம்தான் அந்த விண்ணப்பப் பாரம் வந்தது. கீழ்நாட்டில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முடித்துவிட்டு வந்தால் சரியான டீச்சர் வேலை. "இங்கிலீசு தெரிஞ்ச பொம்பள இந்த மலையில வேற யாரு இருக்கா? நீங்க எழுதிப் போடுங்கம்மா, கெடைக்கும்" என்று மாஸ்டரே எல்லாம் நிரப்பிக் கொடுத்தார். ஒரு இடம்தான் காலி. கல்யாணமான பெண் என்றால் புருஷன் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். திருவிழா முடிந்து பத்து நாளைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றார்.

சோறு போட்டுவிட்டு அவரிடம் நீட்டினேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்போம்" என்றார்.

மறுநாள் கேட்டேன். "இந்தா, திருவிழா தலைக்கு மேல கெடக்குது. அது முடியட்டும்" என்றார். அதற்கு மறுநாளும் பாப்போம். இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாப்போம் என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த வருஷம் நாடகத்துக்குப் புதுக் கதை வேண்டும் என்று இளவட்டங்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பழைய கதைகளைப் பார்த்துப் பார்த்துச் சனங்களுக்கே வசனம் மனப்பாடம். அவர் ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து, "ஒன் இங்கிலீசுப் பொஸ்தகத்துல ராணி கதை ஏதாச்சும் இருக்கா புள்ள?" என்றார்.

சாவிக்கொத்துக் கதையைச் சொன்னேன். கடைசித் தாள் இல்லை என்பதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எழுதின முடிவையே முடிவாகச் சொன்னேன். பிரபுவை ராஜாவாக்கி, கோட்டையை அரண்மனையாக்கி, வசனம் முழுக்க ஒரு கொப்பியில் நானே எழுதினேன். மாஸ்டர் பாட்டு எழுதினார். ராஜா வேஷம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற பெரிய மீசைக்காரருக்கு. ராணி வேஷம் சொல்லவே வேண்டாம்.

ராணி சாவி கேட்கிற இடத்தை மட்டும் நாலு தடவை அடித்து அடித்து எழுதினேன். அது ராணி பேச்சில்லை, என் பேச்சு. "நாதா, நான் ஓடிப்போவதற்காகக் கேட்கவில்லை. ஓடிப்போக நினைப்பவள் சாவி கேட்க மாட்டாள். திறந்த வாசல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், இந்த அரண்மனை எனக்கு வீடாக இருக்கும். இல்லாவிட்டால் இது எனக்குச் சிறைதான்" என்று போகும். என் கணக்கு இதுதான்: தினமும் இந்த வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லிப் பழகினால், திருவிழா முடிவதற்குள் அவருக்கு உறைக்கும். ஊர் முன்னால் ராஜா சாவியைக் கொடுத்து, ஊர் கைதட்டினால், வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? எனக்கு அப்போது இருபத்து மூன்று வயசுகூட ஆகவில்லை. கதையில் சபை முன்னால் சொன்ன வாக்கு மீறப்பட்டதே கிடையாது. அந்தப் புத்தகத்தை நான் அவ்வளவு நம்பினேன்.

ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. ஸ்டோர்க்காரருக்குச் சாயங்கால வேலை இருக்கிற நாட்களில் ராஜா இல்லை.

"நீ வந்து ராசா மாதிரி நில்லு" என்பார்.

நான் அடுப்படி வாசலில் நிமிர்ந்து நிற்பேன். அவர் என் முன்னால் முழங்கால் போட்டு, மண்வெட்டிப் பிடியில் தொங்கவிட்ட சாவிக்கொத்தைப் பார்த்தபடி அந்த வசனத்தைச் சொல்லுவார். சும்மா சொல்லக் கூடாது, அற்புதமாகச் சொல்லுவார். சிறைதான் என்கிற இடத்தில் அவர் குரல் உடையும், கண் நிறையும். எனக்கும் நிறையும். அப்புறம் நான் ராஜா வசனத்தைச் சொல்ல வேண்டும்: "கேட்டதைத் தந்தேன்." சாவியை எடுத்து அவர் கையில் வைப்பேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை வைத்திருக்கிறேன். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "தேத்தண்ணி ஊத்து" என்பார். பாரம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். துவைக்கும்போது எடுத்து வைத்துவிட்டு, காய்ந்ததும் திரும்ப அதிலேயே போடுவேன்.

நாடகத்துக்கு நல்ல புடவை வேண்டும் என்றார். என் கூறைப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். முழு மனசோடுதான் கொடுத்தேன்.

முந்தின வருஷம் நாடகத்தில் குடித்துவிட்டு அடிதடி நடந்ததால் இருட்டுகிறதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று துரை உத்தரவு. அதனால் திருவிழாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் நீராட்டு முடிந்து மூன்று மணிக்கே நாடகம் தொடங்கியது. மேடைக்குப் பின்னால் தட்டி மறைவில் நான்தான் அவருக்குக் கொசுவம் வைத்துவிட்டேன். பவுடர் பூசி, பொட்டு வைத்து, என் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டேன். திரும்பி நின்று, "எப்புடி இருக்கேன்?" என்று கேட்டார். நல்லா இருக்கீங்க என்றேன். என்னைவிட அழகாக இருந்தார்.

பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்தேன். பனி இறங்கி மேடை பாதி மறைவதும் தெளிவதுமாக இருந்தது. எதிரி மதிலைச் சுற்றி நின்றபோது ராணி வாசலைத் திறக்காத இடத்திலேயே விசில் பறந்தது. விருந்துக் காட்சி வந்தது. ராஜா கையை நீட்டினார். ராணி கேட்டாள். சபையில் சிரித்தவர்களைப் பார்த்துக் கீழே இருந்த பெண்கள் திட்டினார்கள். சிறைதான் என்ற இடத்தில் என் பக்கத்தில் இருந்த பெண் தேம்பியே விட்டாள். ராஜா எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "கேட்டதைத் தந்தேன்" என்று சாவியை ராணி கையில் வைத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். அங்கே திரை விழ வேண்டும். நான் எழுதினது அவ்வளவுதான்.

திரை விழவில்லை. ராணி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். உள்ளங்கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். என் புடவையும் என் சங்கிலியுமாக, என் பொட்டோடு, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாதா, தந்தேன் என்று தாங்கள் சொன்ன ஒரு வார்த்தை போதும். தாங்கள் இருக்கிற இடம்தான் எனக்கு உலகம். வெளியே போய் நான் எதைக் காணப் போகிறேன்? இந்தச் சாவி எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு முழங்கால் போட்டு, சாவியை ராஜாவின் காலடியில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவரை நான் கேட்காத கைதட்டல். பெண்கள் குலவை போட்டார்கள். துண்டை வீசினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைத் திட்டியிருந்தாலோ, பாரத்தை அடுப்பில் போட்டிருந்தாலோ எனக்கு ஒரு கோபமாவது மிச்சமிருக்கும். அவர் என்னை மறுக்கவில்லை. நானே வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் செய்துவிட்டார். ஊரே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது.

வீட்டுக்கு வந்து முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பவுடரை எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் புடவையை அவிழ்க்கவில்லை.

"கடைசியில அத ஏங்க சேத்தீங்க?" என்றேன்.

"சனம் அழுதிச்சில்ல?"

"அது கதையில இல்ல."

"பொம்பள மனசு எனக்குத் தெரியும் புள்ள. எத்தன வருசமா பொம்பளையா ஆடுறேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்: "அந்தப் பாரத்துக்கும் சேத்துத்தான் சொன்னேன். இனிமே அதக் கேக்காத. ரெண்டு வருசம் நீ இல்லாம நான் என்ன செய்வேன், சொல்லு?"

பாரம் அனுப்பப் பத்து நாள் இருந்தது. அவர் கையெழுத்து எனக்குத் தெரியும், அப்படியே போட்டுவிடலாம் என்று ஒரு நாள் பேனாவை எடுத்தேன். போட்டால் மாட்டிக்கொள்வேன் என்பதற்காக விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். மாட்டாமல் போயிருந்தாலும் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன். நாடகத்துக்கு வந்த அத்தனை பேரும் வழியில் நின்று, நீதானே வேண்டாம் என்றாய் என்று கேட்பார்கள் போலிருந்தது. பயந்தேன், அவ்வளவுதான். பத்து நாளும் போயிற்று.

அந்த வாரம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அதே பேச்சு. "பொம்பளன்னா அந்த ராணி மாதிரி இருக்கணுங்கம்மா" என்றாள் ஒருத்தி. "ஐயாவப் பெத்த வயிறு குளுந்திருக்கும்" என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி மட்டும், கூடைக் கயிறு அழுத்தி நெற்றியில் தழும்பு விழுந்தவள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கையில குடுத்த சாவிய வாங்கிட்டுப் போகாம, காலுல வச்சிட்டு அழுவுறாளே, கிறுக்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவள் பின்னாலேயே ஓடிப் போய் அவளோடு லயத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. போகக் கூடாது என்பது ஞாபகம் வந்தது, போகவில்லை.

அடுத்த வருஷம் என் மகள் பிறந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போவதும் நின்றது. நாடகம் நிற்கவில்லை. வேறு கதை வேண்டாம், ராணி கதைதான் வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவருக்கு ராணிக் கணக்கப்பிள்ளை என்றே பேர் விழுந்தது. பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் நான்தான் தட்டி மறைவில் நின்று கொசுவம் வைத்துவிட்டேன், பொட்டு வைத்தேன், சங்கிலி மாட்டினேன். ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பதிலாக அவர் போய் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் புடவையைத் துவைப்பேன். கழுத்துப் பக்கம் ரோஸ் பவுடர் கறை போகாது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டலாம் என்று எடுத்துப் பார்த்தபோது அது என் புடவையாகவே தெரியவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

மகளுக்குப் பத்து வயசானதும் ஹட்டனில் அதே மடத்துப் பள்ளியில் சேர்த்தோம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெருமைதான். சேர்க்கப் போன அன்றைக்கு அவர் பள்ளிக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் புத்தக அறைக்குப் போனேன். என் மதர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றார்கள். ஓரத்தில் பழைய பாடப் புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் என் புத்தகம் இருந்தது, அட்டையோடு, முழுசாக. பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கடைசித் தாளை நின்றுகொண்டே படித்தேன்.

பிரபு அந்தக் கொத்தைப் பார்த்தான். சின்ன வாசலின் சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, அவன் காலடியில் முழங்கால் போட்டு, உங்கள் வார்த்தையே எனக்குப் போதும் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். சபையில் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் நீண்ட காலம் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்.

என் கணவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. அவர் அந்தத் தாளைப் பார்த்ததில்லை, நானே பார்த்ததில்லை. எழுநூறு வருஷத்துக்கு முந்தி எங்கேயோ ஒருவன் எழுதி வைத்ததை, எங்கள் கணக்கப்பிள்ளை மேடையில் நின்ற இடத்திலேயே தானாகச் சொன்னார். எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று மதர் சொல்லி, நான் கோடு போட்டு வைத்த வார்த்தை அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. என் புத்தகத்தில் அந்தத் தாளை வெட்டினது யார் என்றும் முதல் முறையாக யோசித்தேன். மதராக இருக்கலாம். எனக்கு முந்திப் படித்த ஏதோ ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் எனக்கு நாலைந்து வருஷ நம்பிக்கை கொடுத்தாள். அதனால் எனக்கு நல்லது செய்தாளா கெட்டது செய்தாளா என்று இன்றுவரை தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

பழசுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அவருடைய சவர பிளேடை எடுத்து, தையலை ஒட்டி நேராக வெட்டினேன். தாளை அடுப்பில் போட்டேன்.

திருவிழா லீவுக்கு மகள் வந்தாள். வந்த மூன்றாம் நாள், வாசலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கூறைப் புடவைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் நாடகம். அவர் கண்ணாடியை ஜன்னலில் மாட்டிவிட்டு மீசை வழிக்க உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கடைசிப் பக்கம் எங்க?"

"எனக்கும் அப்புடித்தான் கெடச்சிச்சு."

"அப்ப இந்தக் கதையில ராணி என்ன செஞ்சா? நாடகத்துல மாதிரி இதுலயும் சாவி கெடச்சிச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "கெடச்சிச்சு பாப்பா. ஆனா அவ வேணாம்னு திருப்பிக் குடுத்துருவா" என்றார்.

மகள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏன் திருப்பிக் குடுத்தா? அவதானே கேட்டா?"

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள். நானும் பெட்டியைப் புடவையில் வைக்காமல் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேனே தவிர, அவள் ஏன் கொடுத்தாள் என்று நானும் கேட்டதில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வசனம் மறந்துபோனவர் முகம்.

"தண்ணி சுட்டுருச்சா பாரு" என்றார் என்னிடம்.

சுட்டுவிட்டது என்று சொல்லி, கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். மகள் இன்னும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.